ராமநாதபுரம் கரை: ராமேஸ்வரத்தோடு முடிகிற கதை இல்லை

கேள்வி இதுதான்: "குடும்பத்தோடு ராமேஸ்வரம் வருகிறோம். மகள் கல்லூரியில் ஆசிய மக்களின் பண்பாடு, சமய மரபு பற்றிப் படிக்கிறாள். ராமநாதபுரம் கடற்கரைக்கு அதில் இடம் உண்டா? இல்லை, கோயில், பாலம், தனுஷ்கோடி என்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதானா?"

இடம் உண்டு. ராமேஸ்வரம் கோயில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் பாதிகூடப் பிடிபடாது, அவ்வளவுதான்.

இந்தக் கரையைப் பற்றிப் பேச வருகிற எல்லாரும் "மத நல்லிணக்கம்" என்று சொல்லி மாலை போட்டு முடித்துவிடுகிறார்கள். மேடைக்கு அது போதும். உங்கள் மகள் படிக்க வேண்டுமென்றால் அதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுக் கடலைப் பார்க்கச் சொல்லுங்கள். இங்கே எந்தக் கோயிலை, பள்ளிவாசலை, மாதா கோயிலை எடுத்தாலும் அதன் பின்னால் ஒரு கடல் தொழில் இருக்கும். முத்து, சங்கு, யாத்ரீகரை ஏற்றி இறக்கிய தோணி, அக்கரை வியாபாரம். அந்தத் தொழிலைப் பிடித்துக்கொண்டு போனால் வங்காளம், இலங்கை, அரபு நாடு, சயாம், சீனம் வரை வழி தெரியும். சண்டையும் அதே வழியில்தான் வந்திருக்கிறது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ராமேஸ்வரத்தையே எடுத்துக்கொள்வோம். நமக்கு அது சம்பந்தரும் அப்பரும் பாடிய பாண்டி நாட்டுத் தலம். வடக்கிலிருந்து வருகிறவருக்கு அது பன்னிரண்டு ஜோதிர்லிங்கங்களில் ஒன்று. பத்ரிநாத், பூரி, துவாரகையோடு சேர்த்து எண்ணும் நான்கு தாமங்களில் தெற்குக் கோடி. சாமி ஒன்றுதான், வருகிறவர் கணக்கு வேறு. உள்ளே பூஜை செய்கிற குருக்கள்மார் மராட்டியப் பிராமண மரபினர். காசியிலிருந்து கங்கை நீர் வந்து ராமநாதருக்கு அபிஷேகமாகும். பதிலுக்கு இங்கிருந்து மணல் போகும். சேதுவில் முழுகி எடுத்த மணலை மூன்று பங்காகப் பிடித்து, சேது மாதவர், விந்து மாதவர், வேணி மாதவர் என்று பூஜை செய்து, வேணி மாதவர் பங்கைப் பிரயாகைத் திரிவேணியில் கரைத்து, அங்கிருந்து கங்கையை எடுத்துக்கொண்டு மறுபடி இங்கே வந்தால்தான் யாத்திரை பூர்த்தி. ரயில் இல்லாத காலத்தில் இதற்காக நடந்தே வந்தவர்கள் ஊர் திரும்ப மாதங்கள் ஆகும். பாம்பன் ரயில் பாலம் 1914இல் வந்தது. அதற்கு முன் வந்த ஒவ்வொருவரையும் இந்தக் கரைக்காரர் ஒருவர் தோணியில் ஏற்றித்தான் தீவில் விட்டிருக்க வேண்டும். அப்துல் கலாமின் தகப்பனார் ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே படகில் யாத்ரீகர்களை ஏற்றிப் போனவர். சீதா கல்யாணத்துக்கு ராமர் தீர்த்தத்தில் சாமியை ஏற்றிச் செல்லும் படகை அந்தக் குடும்பம்தான் ஏற்பாடு செய்யும். இதை உருக்கமான செய்தியாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. படகு யாரிடம் இருந்ததோ அவரிடம் கேட்டார்கள், அவர் கொடுத்தார் என்று பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும்.

தீர்த்தமாடுவதை மகள் நின்று கவனிக்கட்டும். அக்னி தீர்த்தம் என்கிற கடலில் முழுகி, ஈரத்துணியோடு கோயிலுக்குள் நுழைந்து, 22 தீர்த்தங்களிலும் நீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் கிணறுகள்தான். கிணற்று விளிம்பில் ஓர் ஆள் நிற்பார். கயிறு கட்டிய வாளியை உள்ளே எறிந்து, மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டி நிரப்பி, நாலே இழுப்பில் மேலே கொண்டுவந்து, கீழே கூட்டமாகக் குனிந்து நிற்கிற குடும்பத்தின் தலையில் கவிழ்ப்பார். அடுத்த வாளி போய்விடும். மராத்தி, இந்தி, தெலுங்கு, வங்காளி, நேபாளி என்று தலைக்குத் தலை பேச்சு மாறும். வாளிக்காரர் எல்லாருக்கும் அவரவர் மொழியில் இரண்டு வார்த்தை வைத்திருப்பார். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் கிணற்று நீர் அந்தக் கடல் மாதிரி கரிக்காது. ஒவ்வொன்றுக்கும் ருசி வேறு என்பார்கள், நாக்கில் பட்டால் தெரியும். கடைசி கோடி தீர்த்தம். அதற்குப் பிறகு ஈரத்துணியை மாற்றிக்கொண்டு தரிசனத்துக்குப் போகலாம். தளம் எப்போதும் ஈரமாக இருக்கும், பெரியவர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் பிராகாரத்தில் 1212 தூண்கள். 18ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் முடிந்தது. எல்லாரும் அதன் நீளத்தைப் பார்த்துப் படம் எடுக்கிறார்கள். தீவில் மணலும் பவளப்பாறையும் தவிர வேறு கல் கிடையாது என்பதை நினைத்துப் பாருங்கள். அத்தனை கருங்கல்லும் கடல் தாண்டி வந்தது.

இலங்கைப் பக்கம் இந்தக் கோயிலோடு வைத்திருந்த உறவு பலருக்குத் தெரியாது. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் படை பாண்டிய நாட்டுச் சண்டையில் புகுந்து ராமேஸ்வரத்தைப் பிடித்தது. அவனுக்குப் பின் வந்த நிசங்கமல்லன் பௌத்தத்துக்குப் பெரிய பெரிய தாதுகோபங்கள் எழுப்பியவன். ராமேஸ்வரத்தில் நிசங்கேஸ்வரம் என்று தன் பெயரில் ஒரு கோயில் கட்டியதாகவும் கல்வெட்டில் சொல்லிக்கொள்கிறான். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் தங்கள் காசில் நந்தியைப் பொறித்து அதன் கீழ் தமிழில் "சேது" என்று எழுதினார்கள். இந்தப் பக்கம் ராமநாதபுரத்து அரசர்கள் சேதுவைக் காப்பவர் என்ற பொருளில் சேதுபதி என்றே பட்டம் வைத்துக்கொண்டார்கள். பாக் நீரிணையின் இரண்டு கரையிலும் அரசுரிமைக்கு அடையாளமாக இருந்தது ஒரே மணல் திட்டுதான்.

அந்த மணல் திட்டுக்கு இன்னொரு பெயர் ஆதாம் பாலம். சொர்க்கத்திலிருந்து இலங்கையில் இறங்கிய ஆதம் நபி அதன் வழியே இக்கரைக்கு நடந்து வந்தார் என்பது முஸ்லிம்களிடையே வழங்கும் கதை. அவர் காலடி பதிந்ததாகச் சொல்லும் மலை இலங்கையில் இருக்கிறது. அதே காலடியைப் பௌத்தர் புத்தருடையது என்பார்கள், இந்துக்கள் சிவனுடையது என்பார்கள். கதையின் மிச்சம் ராமேஸ்வரத்திலேயே இருக்கிறது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஆபில் காபில் தர்கா. ஆதமின் பிள்ளைகள் இருவருடையவை என்று சொல்லும் இரண்டு நீள நீளமான கபுறுகள், அதாவது சமாதிகள். கோயிலுக்கு வருகிறவர்களில் நூற்றில் ஒருவர்கூட அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. நீங்கள் பாருங்கள்.

சேது கட்டிய கதை கிழக்கே போனபோது உருமாறியதும் மகளின் பாடத்துக்கு உதவும். நம்மிடம் அணில் மணலில் புரண்டு வந்து உதறுகிறது. தாய்லாந்து ராமகியனிலும் கம்போடிய ரியாம்கேரிலும் அணிலுக்கு வேலை இல்லை. போட்ட கல்லெல்லாம் காணாமல் போகிறது, அனுமன் கடலுக்குள் பாய்ந்து பார்த்தால் ராவணனின் மகளான பொன்னிறக் கடற்கன்னி ஒருத்தி தன் மீன் படையை வைத்துக் கல்லை அகற்றிக்கொண்டிருக்கிறாள். சண்டைக்குப் போன அனுமன் அவளிடம் மனதைப் பறிகொடுக்கிறான், பிள்ளையும் பிறக்கிறது! நம் ஊர்ப் பாகவதர் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார். ஜாவாவில் பிரம்பனான் சிவன் கோயிலின் 9ஆம் நூற்றாண்டுச் சிற்பங்களிலும் குரங்குகள் கல் போடும் இடத்தில் கடல் முழுக்க மீனாகத்தான் இருக்கும்.

அடுத்தது திருப்புல்லாணியும் பெரியபட்டினமும். திருப்புல்லாணி 108 திவ்ய தேசங்களில் ஒன்று, திருமங்கையாழ்வார் பாடியது. ராமர் தர்ப்பைப் புல்லில் படுத்த கோலத்தில் இருக்கும் சந்நிதி. பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்களுக்குப் பால் பாயசம் கொடுப்பார்கள். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அங்குள்ள பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் இருந்த சோனகர் (அரபு வழி முஸ்லிம் வணிகர்) பள்ளிவாசலுக்குக் கொடுத்த கொடையைப் பதிவு செய்கிறது, 13ஆம் நூற்றாண்டு. பெருமாள் கோயில் கல்லில் பள்ளிவாசலுக்கான மானியம்! வெளிநாட்டு வணிகர் தங்கினால் துறைமுகத்துக்கு வரி வரும், அவர்கள் தொழ இடம் வேண்டும், அரசன் ஏற்பாடு செய்தான். அதை ஊரறிய வெட்டி வைக்கப் பக்கத்தில் இருந்த பெரிய கல் கட்டடம் பெருமாள் கோயில். எனக்குப் படுகிற நியாயம் இது.

அந்தப் பவித்திரமாணிக்கப்பட்டினம் இன்றைய பெரியபட்டினம் என்பது ஆய்வாளர் கருத்து. இன்று போனால் தென்னையும் வீடுகளும் பள்ளிவாசலும் உள்ள அமைதியான ஊர். 1980களில் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக் கல்வெட்டறிஞர் எ. சுப்பராயலுவும் அங்கே ஆராய்ந்தபோது 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் குவியலாகக் கிடைத்தன. லுங்சுவானின் பச்சைப் பீங்கான், சிங்தெசென் வெள்ளைப் பீங்கான். 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி வாங் தாயுவான் குறிப்பிடும் துறை ஒன்று இதுதான் என்பார் கராஷிமா. வைகை கடலில் சேரும் அழகன்குளம் இன்னும் பழசு. அங்கே ரோமானியக் காசும் தமிழி எழுத்துள்ள பானை ஓடும் கிடைத்ததோடு, பெரிய கப்பல் ஒன்றைக் கீறி வரைந்த ஓடும் கிடைத்தது. யாரோ துறையில் நின்ற கப்பலைப் பார்த்துக்கொண்டே கீறியிருக்கிறார்.

இனிச் சங்கு. என்னைக் கேட்டால் இந்தக் கரையின் சமய வரலாற்றைச் சொல்ல ஒரே ஒரு பொருள்தான் எடுக்கலாம் என்றால் சங்கைத்தான் எடுப்பேன்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து முஸ்லிம்களில் பலர் தலைமுறை தலைமுறையாகச் சங்கு குளிப்பவர்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, மணலில் மேய்ந்துகொண்டிருக்கும் சங்கைக் கையால் பொறுக்குகிற வேலை. ராமநாதபுரம் சமஸ்தானத்துக்கு அதன் கரையில் சங்கு எடுக்கும் உரிமை இருந்தது, குத்தகைக்கு விடுவார்கள். கடலிலிருந்து வரும்போது சங்கு நீங்கள் நினைக்கிற மாதிரி பால் வெள்ளையாக இருக்காது. பழுப்பாக, தோல் மூடி, பாசி படிந்து அழுக்காக இருக்கும். உள்ளே இருக்கிற சதையை எடுத்தாக வேண்டும். எடுக்காமல் விட்டால் அந்த நாற்றத்துக்குத் தெருவில் நிற்க முடியாது. சதையைக் கறியாக்கித் தின்பார்கள். வாயை மூடியிருக்கும் நகம் ஊதுபத்தி, வாசனைத் தொழிலுக்குத் தனியாக விலைபோகும். வியாபாரி சங்கைக் கையில் தூக்கிப் பார்ப்பார், புழு துளைத்திருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பார், விரலால் சுண்டிச் சத்தம் கேட்பார். அளவு வாரியாகப் பிரித்து மூட்டை கட்டுவார்.

மூட்டை போகிற இடம் வங்காளம். அங்கே சங்கறுப்பதற்கென்றே சங்காரி என்று ஒரு சாதி உண்டு. டாக்காவில் அவர்கள் பெயரிலேயே சங்காரி பஜார் இருக்கிறது. பிறை வடிவப் பெரிய வாளால், காலால் சங்கை அணைத்துப் பிடித்துக்கொண்டு, வளையம் வளையமாக அறுப்பார்கள். இப்போது இயந்திரம் வந்துவிட்டது. அந்த வளையத்தை இழைத்துப் பூ வேலை செய்தால் 'சாகா' என்ற சங்கு வளையல். சிவப்பு வளையலோடு சேர்த்து வங்காள இந்துப் பெண் கல்யாணத்தன்று அணிகிறாள். நமக்குத் தாலி எப்படியோ அவளுக்கு அது அப்படி. கணவன் இறந்தால் உடைத்துவிடுவார்கள். கீழக்கரையில் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டுச் சனிக்கிழமை கடலில் இறங்கியவர் எடுத்த சங்கு, கல்கத்தாவில் ஓர் இந்து மணப்பெண்ணின் கையில் சுமங்கலி அடையாளமாகிறது. அவரை யாரும் நல்லிணக்க மேடையில் ஏற்றி ஜரிகைத் துண்டு போர்த்தவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. அவருக்கு அது பிழைப்பு.

சங்கு போன ஊரில் அதன் குணமும் மாறிவிடும். நம் பக்கம் தெருவில் சங்குச் சத்தம் கேட்டால் யார் வீட்டில் என்று விசாரிப்போம். வங்காளத்தில் கல்யாண வீட்டில் சங்கு ஊதிக் குலவை போடுவார்கள். சாயங்காலம் விளக்கு வைக்கும்போது ஊதுவார்கள். திபெத்தியப் பௌத்தருக்கு வெண்சங்கு எட்டு மங்கலப் பொருள்களில் ஒன்று, மடாலயத்தில் கூரையேறி ஊதிப் பிக்குகளை அழைப்பார்கள். கடலையே பார்க்காத மலைநாட்டில் கடல் பொருளுக்கு இருக்கிற மதிப்பைப் பாருங்கள். வலம்புரி கிடைத்தால் எங்கேயும் விலை தலை சுற்றும். ராமேஸ்வரம் கடைத்தெருவில் "ஒரிஜினல் வலம்புரி" என்று நீட்டினால் வாங்காதீர்கள். அவ்வளவு சுலபமாகக் கிடைத்தால் அது வலம்புரி இல்லை.

முத்துக்கும் இதே மாதிரி ஒரு கதை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்கோ போலோ, மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிக்கும்போது சுறாவை மந்திரத்தால் கட்ட ஆட்கள் இருந்ததையும், எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குப் போனதையும் எழுதி வைத்திருக்கிறார். அவர் கணக்கில் அவர்கள் பிராமணர்கள். கட்டு பகலுக்கு மட்டும்தான். ராத்திரி அவிழ்த்துவிடுவார்களாம், திருட்டுத்தனமாக இன்னொருவன் இறங்கிவிடக் கூடாதே! நம் பக்கம் இவர்களுக்குக் கடற்கட்டி என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் இலங்கைக் கரையின் சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், அதே வேலையைச் செய்தவர் ரோமன் கத்தோலிக்கர். இடையில் பரவர் மக்கள் 1530களில் போர்த்துக்கீசியர் பக்கம் சேர்ந்து ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். மதம் மாறிய பிறகும் சுறா மாறவில்லை, ஆகவே கடற்கட்டியின் வேலையும் போகவில்லை. குளிக்கிறவனுக்கு, அவன் இந்துவோ முஸ்லிமோ வேதக்காரனோ, கட்டுப் போட்டாயிற்று என்று தெரிந்தால்தான் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்க மனம் வரும்.

இப்போது சண்டை. மண்டபத்துக்குப் பக்கத்தில் வேதாளை என்று ஓர் ஊர். அங்கே கோட்டை போட்டிருந்த போர்த்துக்கீசியத் தலைவன், ராமேஸ்வரம் போகிற யாத்ரீகரை மறித்துச் சுங்கம் வாங்க ஆரம்பித்தான். வடுகர், அதாவது தெலுங்கர், படை வந்தது. 1549இல் நடந்த அந்தத் தாக்குதலில் அந்தோனியோ கிரிமினாலி என்ற இயேசு சபைப் பாதிரியார் கொல்லப்பட்டார். அந்தச் சபையின் முதல் மறைசாட்சி என்று அவரைச் சொல்வார்கள். பிடிக்காத மதம் என்பதால் வந்த சண்டை என்று தோன்றும். பின்னால் பார்த்தால் சுங்கக் காசு.

அதைவிடப் பெரிய முடிச்சு கிழவன் சேதுபதி. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்டவர், தலைநகரைப் போகலூரிலிருந்து ராமநாதபுரத்துக்கு மாற்றியவர். கீழக்கரைப் பெருவணிகர் சீதக்காதி, அதாவது ஷெய்கு அப்துல் காதிறு மரைக்காயர், அவருக்கு வலக்கை. உமறுப் புலவரைச் சீறாப்புராணம் பாட வைத்தவர் சீதக்காதி. நபிகள் நாயகத்தின் வரலாற்றைக் கம்பன் நடையில், அரேபியப் பாலைக்கு வயலும் மருதமும் வரைந்து பாடிய காவியம் அது. "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்கிற பழமொழி தெரியாதவர் தமிழ்நாட்டில் இல்லை. அவர் சமாதி கீழக்கரையில்தான் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. இதே கிழவன் சேதுபதியின் ஆட்சியில்தான் அருளானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டு காவி உடுத்திப் பண்டார சாமியாகத் திரிந்த போர்த்துக்கீசியப் பாதிரியார் ஜான் டி பிரிட்டோ, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். தடியத் தேவர் என்ற பிரபு ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதிக்கு உறவு. அரண்மனைக்குப் புகார் போனது, விஷயம் முடிந்தது. முஸ்லிம் வணிகரைத் தோளில் கை போட்டு வைத்திருந்த அரசரும், பாதிரியார் தலையை எடுத்த அரசரும் ஒரே ஆள். நல்லவரா கெட்டவரா என்று கேட்டால் பதில் கிடைக்காது. கடல் வருமானம் ஒருவர் கையில் இருந்தது, சொந்தக்காரப் பெண்ணின் மானம் இன்னொருவரால் போனது.

ஓரியூரில் இன்று நடப்பது இன்னும் சுவாரஸ்யம். ரத்தம் சிந்தியதால் சிவந்தது என்று சொல்லும் செம்மணலை எடுத்துப் போகிறார்கள். பக்கத்து ஊர் மறவர்களும் கள்ளர்களும் இந்துக்களாக இருந்துகொண்டே அருளானந்தருக்கு முடியிறக்கி, கிடா வெட்டிச் சமைத்துப் பந்தி போடுகிறார்கள். வெட்டியவர் குலமும் வெட்டுப்பட்டவரும் குலசாமி முறைக்கு வந்துவிட்டார்கள். 1947இல் ரோம் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது. இந்த மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பே கொடுத்துவிட்டார்கள்.

கீழக்கரைக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். பழைய ஜும்மா பள்ளியைக் கட்டியவர்கள் கோயில் கட்டிய அதே கைக்காரர்கள் என்பது தூணைப் பார்த்த உடனே தெரியும். சதுரம், பட்டை, சதுரம் என்று ஏறி, மேலே போதிகையிலிருந்து வாழைப்பூ தலைகீழாகத் தொங்கும். கோயிலில் யாளியோ தேவியோ இருக்க வேண்டிய கட்டத்தில் இங்கே தாமரை, கொடி. உருவம் மட்டும் இல்லை. தொழுகை நேரம் பார்த்து, அங்கிருக்கும் பெரியவரிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். இந்த ஊரில் அரபு எழுத்தில் தமிழை எழுதினார்கள். அரபியில் இல்லாத நம் எழுத்தொலிகளுக்குப் புள்ளி சேர்த்துப் புது எழுத்து செய்துகொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் கீழக்கரையில் இருந்து எழுதிய அரபுத் தமிழ் நூல்களை இலங்கை முஸ்லிம் வீடுகளிலும் பெண்கள் ஓதினார்கள். சாப்பாட்டிலும் அக்கரை தெரியும். தேங்காய்ப்பாலை மணிக்கணக்கில் கிண்டிச் செய்கிற தொதல், மலாய்க்காரரும் ஜாவாக்காரரும் செய்கிற அதே பண்டம், பெயரும் ஏறக்குறைய அதே. வட்டலப்பம் இலங்கையோடு பங்கு. எந்த மதக்காரரானாலும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

தொண்டிப் பக்கத்துக் குணங்குடியில் பிறந்த மஸ்தான் சாகிபைப் பற்றி ஒரு வரி: சூஃபி ஞானத்தைச் சித்தர் மொழியில் பாடியவர். மகளுக்குப் படிக்க நேரமிருந்தால் பராபரக்கண்ணியிலிருந்து ஆரம்பிக்கலாம்.

கடலோரம் இல்லாவிட்டாலும் உத்தரகோசமங்கையை விட முடியாது. மாணிக்கவாசகர் திரும்பத் திரும்பப் பேர் சொல்லிக் கூப்பிடும் ஊர். திருப்பொன்னூசலில் அவர் கட்டுகிற ஊஞ்சலைக் கவனியுங்கள்: "சீரார் பவளங்கால் முத்தங் கயிறாக". பவளத்தில் கால், முத்தில் கயிறு. கடல் பக்கத்து ஊஞ்சல்தான். இதே மாணிக்கவாசகரின் திருவெம்பாவை கடல் தாண்டிச் சயாம் அரசவைக்குப் போனது. பாங்காக்கில் அரசவைப் பிராமணர்கள் மார்கழி, தை ஒட்டி நடத்தும் சடங்குக்கு இன்றும் பெயர் திரியம்பாவாய், திரிபாவாய். தமிழ்ப் பாட்டை அவர்கள் வாய்மொழியாகக் காத்து வந்தார்கள். பொருள் மறந்து உச்சரிப்பும் தேய்ந்துபோன நிலையிலும் ஓதுகிறார்கள். அந்தச் சடங்கின் பகுதியாக நகரின் நடுவில் மிகப் பெரிய ஊஞ்சல் கட்டி ஆடினார்கள். 1930களில் ஆட்டம் நின்றது, சிவப்பு மரச் சட்டம் மட்டும் நிற்கிறது. அந்தப் பிராமணர் மரபில் முன்னோர் ராமேஸ்வரப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று ஒரு பேச்சும் உண்டு. உத்தரகோசமங்கையில் மரகத நடராசருக்கு ஆண்டு முழுக்கச் சந்தனக் காப்பு. ஆருத்ரா தரிசனத்தை ஒட்டி ஒரு நாள் மட்டும் களைவார்கள். களைந்த சந்தனத்துக்கு வரிசை கோபுரம் தாண்டி நிற்கும்.

ஏர்வாடியில் அடங்கியிருப்பவர் மதீனாவிலிருந்து 12ஆம் நூற்றாண்டில் வந்ததாகச் சொல்லப்படும் சுல்தான் சையது இப்ராகிம் பாதுஷா. பாண்டியரோடு போரிட்டு இறந்தவர் என்பது தர்கா மரபு சொல்லும் வரலாறு; அந்தப் பாண்டிய நாட்டு மக்களே அவரிடம் நேர்ந்துகொள்ள வருகிறார்கள், சேதுபதிகள் மானியம் கொடுத்திருக்கிறார்கள். பேய் பிடித்தது, புத்தி பேதலித்தது என்று அழைத்து வரப்படுகிறவர்கள் அங்கே அதிகம். 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்காவை நம்பி வந்தவர்களை வைத்து நடத்திய தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் வெந்து இறந்தார்கள். சங்கிலி போட்டது காப்பகக்காரர், பாதுஷா அல்ல என்று அங்கே சொல்வார்கள். சரிதான். ஆனால் வைத்தியம் கிடைக்காத குடும்பங்கள் சாமியிடம் கொண்டுவந்து விட்டதையும் இந்த மரபின் கணக்கில்தான் எழுத வேண்டும். அதன்பிறகு மனநலச் சட்டமும் மருத்துவ வசதியும் நாடு முழுவதும் பேசுபொருளாயின.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா பற்றிக் கேட்பீர்கள். மாசி, பங்குனி வாக்கில் இரண்டு நாள். 1974 ஒப்பந்தம் தீவை இலங்கைக்குக் கொடுத்தாலும் நம் யாத்ரீகர்கள் விசா இல்லாமல் போய்வர வழி வைத்திருக்கிறது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போய், தலைமன்னார்க் கப்பலும் பின்னாளில் நின்றுபோனபின், இரு கரைத் தமிழரும் சாதாரண ஜனங்களாகச் சந்திக்கிற இடம் அநேகமாக அது ஒன்றுதான். பெயரை முன்கூட்டியே பதிய வேண்டும். படகு பதிவும் சோதனையும் உண்டு, எல்லைப் பதற்றம் அதிகமானால் ஏற்பாடு மாறும். சும்மா வந்து ஏறிவிட முடியாது.

பயணத்தை இப்படிப் போடுங்கள். ராமநாதபுரத்தில் தங்குங்கள், ராமேஸ்வரத்தில் இல்லை. சேது யாத்திரையின் பழைய வழியில் போனால் உப்பூர் பிள்ளையார், தேவிபட்டினம், திருப்புல்லாணி, சேதுக்கரை, அப்புறம் ராமேஸ்வரம். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கல்லும் நவக்கிரகம். அமாவாசையில் நவதானியம் கொட்டக் கூட்டம் சேரும், அன்றைக்குப் போகாதீர்கள். ஆடி, தை அமாவாசைகளில் ராமேஸ்வரமே வேண்டாம். தெற்கே ஒரு நாள்: திருப்புல்லாணி, பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி. வடக்கே ஒரு நாள்: தேவிபட்டினம், தொண்டி, ஓரியூர், திருவாடானை. தீவில் ஒரு நாள்: அதிகாலையில் கோயில், பிறகு ஆபில் காபில் தர்கா, தனுஷ்கோடியில் பவளக்கல் மாதா கோயிலின் இடிபாடு, திரும்பும்போது பாம்பன் குந்துகால். 1897 ஜனவரி 26 அன்று மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் இறங்கிய துறை அது. உத்தரகோசமங்கைக்கு மார்கழியில் தனியாக வாருங்கள். ஏர்வாடி சந்தனக்கூடு பார்க்க வேண்டுமென்றால் ஹிஜ்ரி துல்கஅதா மாதக் கணக்கு; ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் தள்ளி வரும். போன ஆண்டுத் தேதியை நம்பி டிக்கெட் எடுக்காமல், ஊரில் யாரையாவது கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.